குஞ்சுக்குச் சூடு, கோழிக்கு வெளிச்சம்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நம் வகுப்பில் பலர் ரோபோ, செயற்கைக்கோள், மின்சாரக் கார் என்று தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்திருப்பது கோழிக்குஞ்சு. சிரிக்காதீர்கள். சிரிக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

60 வாட் குண்டு பல்பு ஒன்று, 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் தரும். இதில் எது நல்ல பல்பு?

'எல்.இ.டி.' என்று உடனே சொல்வீர்கள். தேர்வுத்தாளில் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இதே கேள்வியை ஒரு நாள் வயதுக் குஞ்சிடம் கார்த்திகை மாதத்து ராத்திரியில் கேட்டால், அது வேறு பதில் சொல்லும். அந்தப் பதில் தெரியாததால் எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு ஒரே ராத்திரியில் 23 குஞ்சுகள் போயின. நம்மில் பாதிப்பேர் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பாபநாசம், வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறோம். வீட்டில் நாலு கோழி இல்லாதவர் குறைவு. அதனால் இது நமக்கு வேண்டிய பாடம்தான்.

குஞ்சுக்கு ஏன் சூடு வேண்டும்?

வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். வெயிலோ மழையோ, அதைத் தானே காத்துக்கொள்ளும். முட்டையை விட்டு வந்த குஞ்சுக்கு அந்தச் சக்தி கிடையாது. அதன் மேல் இருப்பது இறகு அல்ல, வெறும் பஞ்சு. முதல் இரண்டு மூன்று வாரம் வரை வெளியே என்ன சூடோ அதற்குத் தகுந்தபடிதான் அதன் உடம்பும் இருக்கும். தாய்க்கோழி இருந்தால் கவலை இல்லை. இறக்கைக்குள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வரும் குஞ்சுக்குத் தாய் ஏது? அங்கே பல்புதான் தாய்.

விடுதி நண்பர் ஒருவர் கைபேசியில் ஒரு படம் காட்டினார். ஆஸ்திரேலியப் பாலைநிலத்துத் தாடி ஓணான். வெளிநாடுகளில் அதைக் கண்ணாடித் தொட்டியில் செல்லப்பிராணியாக வளர்க்கிறார்களாம். அதற்கு ஒரு மூலையில் 40 டிகிரி வரை சூடு தரும் விளக்கு, இன்னொரு பக்கம் புற ஊதாக் கதிர் விளக்கு, ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேர வெளிச்சம், குட்டியாக இருந்தால் தினம் பல வேளை பூச்சி, பெரிதானால் பெரும்பாலும் கீரை என்று கால அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். 'பார்றா, ஓணானுக்கு டைம்டேபிளாம்' என்று எல்லோரும் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் முதல் வாரத்துக் குஞ்சும் அந்த ஓணான் மாதிரிதான். தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாத உயிர். வித்தியாசம் என்னவென்றால், ஓணான் ஆயுள் முழுக்க அப்படி. குஞ்சு மூன்று நாலு வாரம்தான் அப்படி. அந்த நாலு வாரம் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

அம்மா கேட்ட கணக்கு

எங்கள் வீட்டில் நான்தான் முதலில் பத்தாம் வகுப்பு தாண்டியவன். அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி 100 நாட்டுக்கோழிக் குஞ்சு எடுப்பதாக முடிவு செய்தது நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது. அதுவும் கார்த்திகையில். தையில் பொங்கலுக்குப் பின் கோழி விலை நன்றாக இருக்கும்போது ஒரு பகுதியை விற்று என் பருவக் கட்டணத்தைக் கட்டலாம் என்பது அம்மாவின் திட்டம். குஞ்சு வருவதற்கு முதல்நாள் அம்மா கேட்டது இதுதான்: 'நீ கரண்டுதானே படிக்கிற? நூறு குஞ்சுக்கு எத்தனை லைட்டு போடணும், சொல்லு.'

இரண்டு வருஷமாக நான் என்ன படிக்கிறேன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் எனக்கு விளக்கத் தெரிந்திருக்காது. இதற்குப் பதில் சொல்ல முடிந்தது.

கோழி வளர்ப்பில் சொல்லப்படும் பொதுவான அளவு, குளிர் காலத்தில் ஒரு குஞ்சுக்கு 2 வாட், வெயில் காலத்தில் 1 வாட். 100 குஞ்சுக்கு 200 வாட். இது குண்டு பல்பு வாட். அந்தப் பல்பில் போகும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடச் சரியாக வெளிச்சமாக மாறுவதில்லை. மீதி எல்லாம் சூடு. அதனால்தான் உலகம் முழுக்க அதைக் கைவிட்டார்கள். 2015இல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்தபின் நம் கிராமங்களிலும் எல்.இ.டி. பரவிவிட்டது. வீட்டுக்கு அது நல்லதுதான். ஆனால் குஞ்சுக்கு நாம் பல்பு போடுவது அந்த 95 பங்குச் சூட்டுக்காக.

எங்கள் தெரு அக்கா 60 குஞ்சுக்கு 9 வாட் எல்.இ.டி. நாலு கட்டியிருந்தார். பளிச்சென்று கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். மொத்தம் 36 வாட். தேவைப்பட்டது 120 வாட். விடியற்காலையில் பார்த்தபோது குஞ்சுகள் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அடியில் கிடந்தவை மூச்சு முட்டிச் செத்துவிட்டன. அந்த அக்காவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 'பல்பு போடு' என்று சொன்னவர்கள் எந்தப் பல்பு என்று சொல்லவில்லை.

200 வாட் என்றவுடன் ஒரே பல்பாக வாங்காதீர்கள். அது ஃபியூஸ் போனால் எல்லாம் போச்சு. 40 வாட் பல்பு ஐந்து எடுத்து, இணைச்சுற்றில் கட்டுங்கள். ஒன்று போனாலும் நாலு எரியும். இதைத்தான் நாம் முதலாம் ஆண்டில் படித்தோம். தொடர்ச்சுற்றையும் மறக்க வேண்டாம். 40 வாட் பல்பு இரண்டைத் தொடரில் இணைத்தால், கணக்குப்படி இரண்டும் சேர்ந்து 20 வாட்தான் எடுக்கும். இழை சூடு குறைந்தால் அதன் தடையும் குறையும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடும். வெயில் ஏறிய பகலில் இளஞ்சூடு போதும் என்னும்போது இது உதவும். ஓர் இரட்டைமுனை டூ-வே (டி.பி.டி.டி.) சுவிட்சால் தொடரும் இணையும் மாற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு சூடு? குஞ்சையே கேளுங்கள்

முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ். பின் வாரத்துக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் குறைக்க வேண்டும். இரண்டாம் வாரம் 90, மூன்றாம் வாரம் 85, நாலாம் வாரம் 80. நம் பக்கம் கார்த்திகை, மார்கழி ராத்திரியில் வெளியே 21, 22 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். முதல் வாரத்தில் குறைந்தது 13 டிகிரி வித்தியாசத்தைப் பல்பு ஈடுகட்ட வேண்டும். சித்திரை வெயிலில் பகலில் பல்பே வேண்டாம்.

வெப்பமானி இல்லையா? குஞ்சுகள் நிற்கும் விதத்தைப் பார்த்தால் போதும்.

பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை. பல்பை இறக்குங்கள்.

பல்பை விட்டு விலகி, தடுப்போரம் வாய் பிளந்து நின்றால் சூடு அதிகம். பல்பை ஏற்றுங்கள்.

எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. அந்தச் சந்தை அடையுங்கள்.

பரவலாகப் படுத்து, சில தின்று, சில தூங்கி இருந்தால் சரியான சூடு. நீங்களும் போய்த் தூங்கலாம்.

தடுப்பு வட்டமாக இருக்க வேண்டும், ஒன்றரை அடி உயரம் போதும். மூலை இருந்தால் அங்கே போய்க் குவியும். தரையில் இரண்டு அங்குலத்துக்கு உமி. அரிசி ஆலை உள்ள ஊரில் உமிக்கு என்ன பஞ்சம்? முதல் சில நாள் உமி மேல் செய்தித்தாள் விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தீனி என்று நினைத்து உமியைக் கொத்தும்.

மின்செலவு எவ்வளவு? முதல் வாரம் ஐந்து பல்பும் 24 மணி நேரமும் எரிந்தால் 33.6 யூனிட். இரண்டாம் வாரம் நாலு பல்பு, 26.9 யூனிட். மூன்றாம் வாரம் மூன்று பல்பு, ராத்திரி 14 மணி நேரம், 11.8 யூனிட். நாலாம் வாரம் இரண்டு பல்பு, 12 மணி நேரம், 6.7 யூனிட். மொத்தம் 79 யூனிட். குஞ்சு ஒன்றுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. இந்தக் கணக்கை எழுதிக் காட்டியபோது அம்மா முதலில் பார்த்தது கடைசி வரியைத்தான்.

ஒரு மணி நேர இருட்டு

இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். முதல் மூன்று நாள் குஞ்சு தீனியையும் தண்ணீரையும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக 23 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பார்கள். அது என்ன 23? அந்த மீதி ஒரு மணி நேரம் வேண்டுமென்றே இருட்டு. இருட்டு என்றால் என்னவென்று குஞ்சு பழகிக்கொள்ள வேண்டும். இருட்டையே பார்க்காத குஞ்சு, திடீரென்று கரண்ட் போனால் பயந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கும். பழகிய குஞ்சு படுத்துவிடும். நம் ஊருக்கு இதைவிட அவசியமான பாடம் உண்டா? சாயங்காலம் தரை இன்னும் சூடாக இருக்கும் நேரத்தில், பக்கத்தில் இருந்தபடியே அணையுங்கள்.

கரண்ட் போனால்?

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது நான் ஆறாம் வகுப்பு. தென்னை சாய்ந்ததோடு மின்கம்பங்களும் வயலில் படுத்துவிட்டன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதுபோல எப்போதும் வராது. ஆனால் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி போவது சாதாரணம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கும். முழுக்க எடுக்க முடியாது, இழப்பும் உண்டு. 0.8 பெருக்கல் 0.8 போட்டால் 1152. அதை 200ஆல் வகுத்தால் சுமார் ஐந்தே முக்கால் மணி நேரம். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. வெந்நீர் ஊற்றி மூடிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றி நடுவில் வைத்து, தடுப்பைச் சுருக்கி, மேலே சாக்குப் போர்த்தி, காற்றுக்கு வழி விட்டோம். சில வீடுகளில் சட்டியில் கரி போட்டு வைப்பார்கள். அது சூடு தரும். ஆனால் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆள் படுக்கும் அறையில் வைக்கவே கூடாது. கொட்டகையிலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

தீனி அட்டவணை

குஞ்சு பொரியும்போது மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வரும். இரண்டு நாளுக்கு அதுவே கட்டுச்சோறு. இதனால்தான் நாமக்கல்லிலிருந்து பெட்டியில் வந்தாலும் பிழைத்திருக்கிறது. வந்தவுடன் முதலில் தண்ணீர். கொஞ்சம் வெல்லமோ குளுக்கோஸோ கலந்து, ஒவ்வொரு குஞ்சின் மூக்கையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டு எடுங்கள். பிறகுதான் தீனி. முதல் நாள் உடைத்த மக்காச்சோளம் அல்லது நொய், தாள் மேல் தூவினால் போதும். பிறகு குஞ்சுத் தீவனம்.

முதல் வாரம் ஒரு குஞ்சு தினம் 8 முதல் 10 கிராம் தின்னும். 100 குஞ்சுக்கு ஒரு கிலோவுக்குள். அதை ஒரே வேளையாகக் கொட்டாமல் நாலைந்து வேளையாகப் போடுங்கள். தண்ணீர் தீனியைப் போல இரண்டு மடங்கு. காலையும் மாலையும் தட்டைக் கழுவ வேண்டும்.

புரதத்துக்கு நம் பாட்டிமார் வைத்திருந்த வழி கரையான். பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், தென்னை நார் போட்டு, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்று உள்ள இடத்தில் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்தால் பானை நிறையக் கரையான். தாடி ஓணானுக்குக் காசு கொடுத்துப் பூச்சி வாங்குகிறார்கள். நமக்கு ஓர் ஓட்டைப்பானை போதும்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் போடவே கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. ஆராய்ந்து பார்த்ததில் தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் பூசண நஞ்சு. அஃப்ளாடாக்சின் என்ற பெயரே அதன் பிறகுதான் வந்தது.

தீனியோடு தடுப்பூசியும் அட்டவணையில் சேர வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் ஊசி. நம் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அருகில் உள்ள கால்நடை மருந்தகத்திலும் கேட்கலாம்.

கோழிக்கு வெளிச்சம்

இப்போது எல்.இ.டி.யின் முறை. வளர்ந்த கோழிக்குச் சூடு வேண்டாம். அது முட்டை இட வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் கண் வழியாக மட்டுமல்ல, மண்டை ஓட்டைத் தாண்டி மூளையையே எட்டுகிறது. அங்கிருந்து போகும் ஹார்மோன் முட்டைப்பையை வேலை செய்யச் சொல்கிறது. பார்வை இல்லாத வாத்தும் வெளிச்சத்துக்கு இப்படி மசிகிறது என்று பிரான்சின் பெனுவா 1930களில் காட்டினார்.

முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பது பண்ணைக் கணக்கு. தஞ்சையில் மார்கழிப் பகல் சுமார் 11½ மணி நேரம், ஆனிப் பகல் சுமார் 12¾ மணி நேரம். மார்கழியில் நாலரை மணி நேரம் குறைகிறது. காலை 4.30க்குப் போட்டு விடிந்ததும் அணைத்து, பொழுது சாய்ந்ததும் போட்டு 8.30க்கு அணைத்தால் 16 மணி நேரம் ஆகிவிடும். பத்துக்குப் பத்து அடிக் கொட்டகைக்கு 9 வாட் எல்.இ.டி. ஒன்று தாராளம். மாதத்துக்கு ஒன்றேகால் யூனிட்கூட ஆகாது.

இதற்கு இரண்டு விதி. வளரும் பருவத்தில் வெளிச்ச நேரத்தைக் கூட்டக் கூடாது; உடம்பு தேறும் முன் முட்டை வந்து கோழி கெட்டுவிடும். முட்டை இடும் பருவத்தில் குறைக்கக் கூடாது, முட்டை நின்றுவிடும். 20ஆம் வாரத்துக்கு மேல், வாரத்துக்கு அரைமணி வீதம் மெல்ல ஏற்ற வேண்டும்.

முட்டை ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி ராத்திரியில். அதனால் கிளிஞ்சல் தூளைச் சாயங்காலத் தீனியில் வையுங்கள். சுண்ணாம்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். வெயிலில் மேயும் கோழிக்கு அது இலவசம். அடைத்தே வளர்த்தால் தீவனத்தில் சேர்க்க வேண்டும். தாடி ஓணானுக்குப் புற ஊதா விளக்கு போடுவதும் இதே வைட்டமினுக்காகத்தான்.

கடைசியாக, நம் துறைப் பாடம்

200 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 0.87 ஆம்பியர்தான். ஆனால் ஆளைக் கொல்ல அதில் பத்தில் ஒரு பங்கு போதும். தகரத் தடுப்பு, ஈரத் தரை, எலி கடித்த ஒயர், மூன்றும் சேர்ந்தால் ஆபத்து. தகரத்துக்குப் பதில் அட்டையோ மூங்கில் தட்டியோ வையுங்கள். தகரம்தான் என்றால் எர்த் கொடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்காப்பு ஒன்று போட்டுவிடுங்கள். பல்பை ஒயரிலேயே தொங்கவிடாமல் தனிச் சங்கிலியில் கட்டுங்கள். உமி மேல் விழுந்தால் தீப்பிடிக்கும்.

எங்கள் 100 குஞ்சில் நாலு வாரம் தாண்டியது 96. பொங்கலுக்குப் பின் கொஞ்சம் விற்றோம், கட்டணம் கட்டினேன். மிச்சத்தில் பெட்டைகள் இன்றைக்கும் முட்டை இடுகின்றன. தெரு அக்கா இப்போது மறுபடி 60 குஞ்சு எடுத்திருக்கிறார். இந்த முறை 40 வாட் மூன்று.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு எடுப்பதாக இருந்தால், குஞ்சு வரும் முன் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போய் ஒயரைப் பாருங்கள், வாட்டைக் கணக்குப் போடுங்கள். சுவிட்ச் இணைப்பில் சந்தேகம் இருந்தால் மின்னியல் ஆய்வகத்துக்கு வாருங்கள். படம் வரைந்து தருகிறேன்.